கட்டமா, கேள்விக்குறியா, குப்பை எழுத்தா: எடிட்டரில் தமிழும் இமோஜியும் உடைவது ஏன், சரிசெய்வது எப்படி

எடிட்டரில் தமிழோ இமோஜியோ சரியாகத் தெரியாவிட்டால் பெரும்பாலோர் முதலில் தேடுவது புதிய எழுத்துருவை. சில பழுதுகளுக்கு அது மருந்துதான். மற்றவற்றுக்கு அதனால் பயனில்லை. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்க்கும் அவசரத்தில் கை தானாகச் சேமிப்பு விசைக்குப் போய்விடுவது இன்னும் ஆபத்து. அதுவரை திரையில் மட்டும் இருந்த கோளாறு அந்த நொடியில் கோப்புக்குள் இறங்கிவிடும். அதனால் முதலில் கேட்க வேண்டியது இது: கெட்டிருப்பது கோப்பா, காட்சியா? பெரும்பாலும் திரையில் தெரியும் வடிவமே விடை சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஓர் எழுத்து திரைக்கு வரும் வழி

கோப்பில் இருப்பவை எழுத்துகள் அல்ல, எண்கள். அவை எழுத்தாகத் தெரிவதற்குள் நான்கு படிகளைத் தாண்டுகின்றன.

1. பைட். வட்டில் கிடப்பது 0 முதல் 255 வரையிலான எண்களின் வரிசை.

2. குறியெண். எந்த பைட்டுகள் சேர்ந்து எந்த எழுத்தைக் குறிக்கின்றன என்ற விதிக்குக் குறியேற்றம் என்று பெயர். இன்று பொதுவாகப் புழங்குவது யுடிஎஃப்-8. அதன்படி பைட்டுகளைப் படித்தால் யூனிகோட் குறியெண்கள் கிடைக்கும். ‘தமிழ்’ என்ற சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்ற ஐந்து குறியெண்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. (யூனிகோட் அட்டவணைகளில் இவை பதினாறடிமான எண்களாக இருக்கும், இந்தக் கட்டுரை முழுவதும் பதின்ம எண்களே.) யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட்டுகள். ஆக, கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் ‘தமிழ்’ வட்டில் 15 பைட்டுகளாக இருக்கிறது. 😀 ஒரே குறியெண், 128512. அதற்கு 4 பைட்டுகள்.

3. எழுத்துருத் தேர்வு. நீங்கள் தேர்ந்த எழுத்துருவில் அந்தக் குறியெண்ணுக்கு வடிவம் உண்டா என்று எடிட்டர் பார்க்கிறது. இல்லாவிட்டால் கணினியில் உள்ள வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்குகிறது. கடன் கொடுக்கும் எழுத்துருவைப் பதிலி எழுத்துரு என்று வைத்துக்கொள்வோம்.

4. வடிவக் கோவை. குறியெண்களின் வரிசையைச் சரியான வடிவங்களாகக் கோத்துத் தருவது இந்தப் படி. ‘கெ’ என்பதில் க முதலில், ஒற்றைக் கொம்பு அடுத்து என்றுதான் குறியெண்கள் சேமிக்கப்படுகின்றன. கொம்பை இடப்பக்கம் தூக்கி வைப்பது இந்தப் படியின் வேலை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பு இதைச் செய்கிறது.

முதல் இரண்டு படிகளில் தவறு நேர்ந்தால் தரவுக்கு ஆபத்து. பின்னிரண்டில் நேர்ந்தால் காட்சி மட்டுமே கெடும்.

தெரிவது என்ன, அதன் பொருள் என்ன

1. வெற்றுக் கட்டம்: குறியெண் சரியாகப் படிக்கப்பட்டிருக்கிறது, அதற்கு வடிவம் தரும் எழுத்துருதான் கிடைக்கவில்லை. கோப்பு நலம். கூகுளின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்தின் பெயரே இந்தக் கட்டத்திலிருந்து வந்தது. கட்டத்தை ‘டோஃபு’ என்பார்கள். ‘டோஃபு வேண்டாம்’ என்பதன் சுருக்கம் நோட்டோ.

2. ஒரே மாதிரியான குப்பை திரும்பத் திரும்ப வருவது, குறிப்பாக உச்சியில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ‘ஏ’வும் அடுத்து ® குறியும்: யுடிஎஃப்-8 கோப்பை விண்டோஸ்-1252 என்ற பழைய மேற்கத்தியக் குறியேற்றமாகப் படித்ததன் அடையாளம். இன்னும் சேமிக்கவில்லை என்றால் கோப்பு நலம்.

3. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி (�): பைட்டுகள் யுடிஎஃப்-8 விதிக்கு ஒத்துவரவில்லை. வேறு குறியேற்றத்தில் எழுதிய கோப்பை யுடிஎஃப்-8 என்று படிக்கிறீர்கள். இந்தக் குறிக்கும் 65533 என்ற சொந்தக் குறியெண் உண்டு. இப்போது சேமித்தால் பழைய பைட்டுகள் போய் அந்த இடத்தில் 239, 191, 189 என்ற மூன்று பைட்டுகள் உட்காரும். திரும்பப் பெற வழியில்லை.

4. வெறும் கேள்விக்குறிகள்: தமிழ் இடம்பெறாத குறியேற்றம் ஒன்றில் யாரோ, எப்போதோ சேமித்துவிட்டார்கள். கோப்பில் உண்மையாகவே கேள்விக்குறிதான் இருக்கிறது. பழைய பிரதியைத் தேடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

5. புள்ளிகளால் ஆன வட்டத்தோடு ஒட்டிய கொம்பு அல்லது கால்: உயிர்க்குறிக்கு முன்னால் மெய்யெழுத்து இல்லை, அல்லது வடிவக் கோவை அதைச் சேர்க்க மறுக்கிறது.

மூன்றாவதையும் நான்காவதையும் பார்த்தால் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். சேமிக்காமல் மூடுங்கள், கோப்பைப் பிரதி எடுங்கள், பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

குறியேற்றம் மாறிப்போன கோப்பை மீட்பது

தமிழ்க் கோப்புகளில் மிகுதியான இழப்பு இந்த இடத்தில்தான் நேர்கிறது. காரணம், எடிட்டர்களில் ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு கட்டளைகள். ஒன்று, பைட்டுகளைத் தொடாமல் வேறு விதிப்படி மறுபடி படிப்பது. மற்றொன்று, இப்போது திரையில் தெரிவதை வேறு விதிப்படி புதிதாக எழுதுவது. குப்பை தெரியும்போது வேண்டியது முதலாவது மட்டுமே.

விஎஸ் கோடில் சன்னலின் கீழ்ப்பட்டையில் வலப்பக்கம் குறியேற்றத்தின் பெயர் இருக்கும். அதைச் சொடுக்கினால் ‘ரீஓபன் வித் என்கோடிங்’, ‘சேவ் வித் என்கோடிங்’ என்று இரண்டு தேர்வுகள் வரும். முதலாவதை எடுத்து யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். நோட்பேட்++இல் ‘என்கோடிங்’ மெனுவின் மேற்பகுதியில் உள்ள பெயர்கள் மறுபடி படிப்பதற்கானவை, கீழே ‘கன்வெர்ட்’ என்று தொடங்குபவை மாற்றி எழுதுவதற்கானவை. குப்பையாகத் தெரியும் நிலையில் ‘கன்வெர்ட்’ கொடுத்தால் அந்தக் குப்பையே யுடிஎஃப்-8ஆகப் பதிவாகும். ஈமாக்ஸில் கண்ட்ரோல்-எக்ஸ், என்டர், ஆர் என்று அடித்து யுடிஎஃப்-8 என்று பெயர் கொடுக்க வேண்டும்.

விண்டோஸ் நோட்பேடைப் பொறுத்தவரை ஒரு தேதியை நினைவில் வைத்தால் போதும். 2019 மே மாதம் வெளிவந்த விண்டோஸ் 10, 1903 பதிப்பிலிருந்து அது புதிய கோப்புகளை யுடிஎஃப்-8ஆகச் சேமிக்கிறது. அதற்கு முன் இயல்புநிலை ‘ஆன்சி’ என்ற, தமிழ் இடம்பெறாத பழைய குறியேற்றம். அந்த நோட்பேடில் தமிழை எழுதிச் சேமித்தால் ஓர் எச்சரிக்கை வரும். படிக்காமல் சரி என்று அழுத்தியவர்களின் கோப்புகளில்தான் இன்று வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கின்றன.

குப்பையை ஏற்கெனவே சேமித்துவிட்டீர்கள் என்றால் அது இரட்டைக் குறியேற்றம். அதையும் பின்னோக்கி அவிழ்க்கலாம்:

1. கோப்பின் பிரதியை யுடிஎஃப்-8ஆகத் திறக்கவும். குப்பை தெரியும்.
2. ‘சேவ் வித் என்கோடிங்’ வழியாக விண்டோஸ்-1252 ஆகச் சேமிக்கவும்.
3. ‘ரீஓபன் வித் என்கோடிங்’ வழியாக யுடிஎஃப்-8ஆகத் திறக்கவும்.

இங்கே தமிழுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. விண்டோஸ்-1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. தமிழ்ப் புள்ளியின் மூன்று பைட்டுகள் 224, 175, 141. உகரக் குறியின் பைட்டுகள் 224, 175, 129. ஏ என்ற எழுத்து 143இலும் ஐ 144இலும் முடிகின்றன. சில மென்பொருள்கள் காலி இடத்து பைட்டை அப்படியே கடத்திவிடும். அப்போது மீட்பு முழுமையாக நடக்கும். வேறு சில அந்த இடத்தில் 65533ஐ வைத்துவிடும். பிறகு எத்தனை முறை அவிழ்த்தாலும் புள்ளியும் உகரமும் ஏகார ஐகாரமும் மட்டும் திரும்பாது. ‘தமிழ்’ என்பது ‘தமிழ’ என்றும் பின்னால் சிதைந்த குறியுமாக நிற்கும். மீட்ட கோப்பில் புள்ளி வைத்த எழுத்துகளை முதலில் சரிபார்க்கச் சொல்வது இதனால்தான். மற்றவை எல்லாம் சரியாக இருக்கும், இவை மட்டும் போயிருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக் கோப்புகள்

இவற்றில் குறியேற்றக் கோளாறு எதுவும் இல்லை, ஏனென்றால் இவற்றில் தமிழே இல்லை. பாமினியில் தட்டச்சு செய்த ‘தமிழ்’ கோப்பில் ஆங்கில ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் இருக்கிறது. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உடை போர்த்திக் காட்டுகிறது. எடிட்டரில் திறந்தால் உடை கழன்று ஆங்கில எழுத்து தெரிகிறது. பாமினியை நிறுவினால் திரையில் சரியாகிவிடும், ஆனால் தேடல், அகரவரிசை, மின்னஞ்சல் எதுவும் வேலை செய்யாது. யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் கொடுத்து மாற்றுவதே வழி. ஆங்கிலமும் தமிழும் கலந்த கோப்பு என்றால் ஆங்கிலப் பகுதிகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துகளாகக் குழம்பி வரும்.

கட்டம் தெரிந்தால்

நிரலர்கள் விரும்பும் சம அகல எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் கிடையாது. கன்சோலாஸிலும் இல்லை, கூரியர் நியூவிலும் இல்லை. ஆகவே எடிட்டரில் நீங்கள் காணும் தமிழ் பொதுவாகக் கடன் வாங்கிய தமிழ். கடன் கொடுக்க ஆள் இல்லாதபோது கட்டம் வருகிறது.

விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ என்ற எழுத்துரு தமிழைத் தருகிறது. பழைய லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10இல் விருப்பக் கூறாக ஒதுக்கப்பட்டுவிட்டன. லதாவைப் பெயர் சொல்லிக் கேட்கும் பழைய கோப்போ அமைப்போ இருந்தால், செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதிக்குப் போய்த் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்க்க வேண்டும். மேக்கில் தமிழ் சங்கம் எம்என், இணைமதி ஆகியவை உடனிருக்கின்றன. லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழும் நோட்டோ கலர் இமோஜியும் போதும். நிறுவியபின் எடிட்டரை முழுவதும் மூடித் திறங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பல நேரம் புதிய எழுத்துருவைக் கண்டுகொள்ளாது.

விஎஸ் கோடின் ‘ஃபான்ட் ஃபேமிலி’ அமைப்பில் வரிசைதான் முக்கியம். முதலில் சம அகல எழுத்துரு, இரண்டாவதாகத் தமிழ் எழுத்துரு, கடைசியில் இமோஜி எழுத்துரு என்று காற்புள்ளியிட்டு எழுதுங்கள். பெயரில் இடைவெளி இருந்தால் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இமோஜி எழுத்துருவை முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்பது லினக்ஸ் பயனர்கள் பலரையும் திகைக்கவைத்த விஷயம்: கோப்பில் உள்ள இலக்கங்கள் எல்லாம் அகன்று, இடைவெளி விட்டு நிற்கும். நோட்டோ கலர் இமோஜியில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் உண்டு, கட்டத்துக்குள் இலக்கம் காட்டும் இமோஜிகளுக்காக. வரிசையில் முதலில் இருப்பதால் சாதாரண இலக்கங்களையும் அதுவே வரைகிறது. இமோஜியைச் சரிசெய்யப் போய் இலக்கம் கெட்டால் இந்த வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ் எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்பட்டால் அது எழுத்துருவின் குற்றம் அல்ல. வரியின் உயரத்தை எடிட்டர் முதல் எழுத்துருவை வைத்து நிர்ணயிக்கிறது. ஙூ, ளீ போன்றவற்றுக்கு அந்த உயரம் போதாது. விஎஸ் கோடில் ‘லைன் ஹைட்’ அமைப்பை 1.6 என்று வைத்துப் பாருங்கள்.

புது இமோஜிக்கு மட்டும் கட்டம் வருகிறது என்றால் எழுத்துரு பழையது. 🫠 யூனிகோடில் சேர்ந்தது 2021இல். அதற்கு முந்தைய இமோஜி எழுத்துரு உள்ள கணினி எதிலும் அது கட்டம்தான். அனுப்பியவர் திரையில் முகம், பெற்றவர் திரையில் கட்டம். இருவர் கோப்பும் ஒன்றே.

கொம்பு இடம் மாறினால், எழுத்து சிதறினால்

எழுத்துகள் தமிழாகவே தெரிகின்றன, ஆனால் ‘கெ’யில் கொம்பு வலப்பக்கம் நிற்கிறது என்றால் வடிவக் கோவை நடக்கவில்லை. ஈமாக்ஸில் 2020இல் வந்த 27ஆம் பதிப்பு ஹார்ஃப்பஸைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்தைய பதிப்பு இருந்தால் மேம்படுத்துவதே முதல் மருந்து. நோட்பேட்++இல், டைரக்ட்ரைட் என்ற விண்டோஸின் எழுத்து வரையும் ஏற்பாட்டைப் பயன்படுத்தும் தேர்வை அமைப்புகளில் இயக்கி, நிரலை மூடித் திறக்க வேண்டும்.

முனையச் (டெர்மினல்) சன்னலுக்குள் ஓடும் விம் போன்ற எடிட்டர்களின் நிலை வேறு. முனையம் திரையைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்துவைத்திருக்கிறது. ஒவ்வொரு குறியெண்ணும் எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதை எடிட்டரும் முனையமும் தனித்தனியே கணக்குப் போடுகின்றன. இமோஜிக்கு இரண்டு கட்டம் என்று ஒன்றும் ஒரு கட்டம் என்று மற்றொன்றும் நினைத்தால் சுட்டி (கர்சர்) தெரியும் இடம் ஒன்று, எழுத்து விழும் இடம் வேறு. தமிழின் ‘ணௌ’ ஒரு கட்டத்தில் அடங்காது. துணைக்கால் தனிக் கட்டம் கேட்கும், புள்ளி கேட்காது. எந்த எழுத்துருவாலும் இதைச் சரிசெய்ய முடியாது. நீளமான தமிழ் உரையைத் திருத்துவதற்கு முனையத்தை விட்டு வெளியே, தனிச் சன்னலில் ஓடும் எடிட்டரைப் பயன்படுத்துங்கள். மற்ற வழிகள் எல்லாம் தற்காலிகம்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் தேடலில் அகப்படாத எழுத்துகள் இன்னொரு வகை. ‘கொ’வின் உயிர்க்குறியை 3018 என்ற ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், 3014, 3006 என்று கொம்பும் காலுமாகவும் எழுதலாம். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம், ஆனால் பல எடிட்டர்களின் தேடலுக்குச் சமம் அல்ல. ஔகாரத்தை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பது அப்படிச் சமமானதுகூட அல்ல, அது பிழை. ‘ஸ்ரீ’யும் இரண்டு விதமாக இருக்கிறது: ஸ (3000) வைத்தது ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ (2998) வைத்தது மற்றொன்று.

சந்தேகம் வந்தால் எண்ணைக் கேளுங்கள். விம்மில் எழுத்தின்மேல் சுட்டியை வைத்து ஜி, ஏ என்று அடித்தால் குறியெண் வரும். ஈமாக்ஸில் கண்ட்ரோல்-யு, கண்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அடித்தால் குறியெண்ணோடு அதை வரைந்த எழுத்துருவின் பெயரும் கிடைக்கும். பதிலி எழுத்துரு எது என்று ஊகிக்காமல் அறிய அதைவிட நேரான வழி இல்லை.

இமோஜிக்கே உரிய சில

❤ என்ற குறி 10084. அதன்பின் கண்ணுக்குத் தெரியாத 65039 இருந்தால் வண்ண இமோஜி, 65038 இருந்தால் கறுப்பு எழுத்து வடிவம், எதுவும் இல்லாவிட்டால் மென்பொருளின் விருப்பம். இதயம் ஓரிடத்தில் சிவப்பாகவும் ஓரிடத்தில் கறுப்பாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

👨‍👩‍👧 ஒரே குறியெண் அல்ல. ஆண் (128104), பெண் (128105), சிறுமி (128103) ஆகியோருக்கு நடுவே 8205 என்ற இணைப்பான் இரண்டு முறை வருகிறது: மொத்தம் 5 குறியெண்கள், 18 பைட்டுகள். மூவரும் தனித்தனியே நின்றால் இணைப்பான் தொலைந்திருக்கலாம், அல்லது எடிட்டரின் வடிவக் கோவை சேர்க்கவில்லை. எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஈமாக்ஸில் இமோஜித் தொடர்கள் ஒழுங்காகச் சேரத் தொடங்கியது 2022இன் 28ஆம் பதிப்பில்.

கொடி இமோஜிக்குப் பதிலாக விண்டோஸில் இரண்டு ஆங்கில எழுத்து தெரிவது பழுது அல்ல. மைக்ரோசாஃப்ட்டின் செகோ யூஐ இமோஜியில் நாட்டுக் கொடிகள் இல்லை.

விஎஸ் கோடில் சில எழுத்துகளைச் சுற்றி மஞ்சள் கட்டம் வருவதையும் எழுத்துருக் கோளாறு என்று எண்ண வேண்டாம். மறைந்திருக்கும் குறியெண்களையும், வேறோர் எழுத்துபோலத் தோற்றமளிப்பவற்றையும் சுட்டிக்காட்டும் பாதுகாப்பு ஏற்பாடு அது, 2021இல் சேர்ந்தது. முழுவதும் அணைக்காமல், வேண்டிய எழுத்துகளை மட்டும் அனுமதிக்கப்பட்ட எழுத்துகளில் சேர்ப்பது நல்லது.

ஒரு சோதனை வரி

புதிய எடிட்டரையோ கணினியையோ பயன்படுத்தும் முன் கீழுள்ள வரியை ஒட்டிச் சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள்.

தமிழ் கெ கொ ணௌ க்ஷ ஸ்ரீ 0123 😀 ❤️ 👨‍👩‍👧 🫠

1. ‘தமிழ்’ குப்பையானால் குறியேற்றம்.
2. கெ, கொ உடைந்தாலோ க்ஷ, ஸ்ரீ சேராமல் நின்றாலோ வடிவக் கோவை.
3. இலக்கங்கள் அகன்றால் எழுத்துரு வரிசை.
4. 😀 கட்டமானால் இமோஜி எழுத்துருவே இல்லை. கறுப்பு வெள்ளையானால் எடிட்டருக்கு வண்ண எழுத்துரு வரையத் தெரியவில்லை.
5. 🫠 மட்டும் கட்டமானால் எழுத்துரு பழையது.
6. தமிழ் சரியாகத் திரும்பி, இமோஜிகள் மட்டும் கேள்விக்குறியாக வந்தால், வழியில் ஏதோ ஒன்று 3 பைட்டுகளோடு நிறுத்திக்கொள்கிறது. உரை ஒரு மையெஸ்கியூஎல் தரவுத்தளத்தைக் கடந்து வந்திருந்தால், அட்டவணையின் குறியேற்றம் ‘யுடிஎஃப்8’ஆ, 2010இல் வந்த ‘யுடிஎஃப்8எம்பி4’ஆ என்று பாருங்கள். முன்னதில் தமிழ் அடங்கும், 4 பைட் இமோஜி அடங்காது.